அம்மா சொல்லாத பேர்

தோட்டத்து வெளிவேலைகளைக் கவனிக்கிற உத்தியோகத்தர் கண்டாக்கையா பேர் வாசித்துக்கொண்டு வந்தார். பெரட்டுக் களத்தில் பனி இன்னும் விலகவில்லை. காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கிற அந்தப் பொட்டலில் ஆண்கள் ஒரு பக்கம், கூடை மாட்டிய பெண்கள் ஒரு பக்கம். கூப்பிட்ட ஒவ்வொரு பேருக்கும் "இருக்கேங்கய்யா" என்று ஒரு குரல் வரும். குரலோடு வாயிலிருந்து கொஞ்சம் ஆவியும் வரும்.

"துரைசாமி!"

பதில் இல்லை.

"துரைசாமி! எங்க அந்தப் புது ஆள்?"

புது ஆள் முன்வரிசையில்தான் நின்றார். என் அண்ணன். நாற்பதைத் தாண்டிய மனிதர், புதுச் சாக்கைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, கையில் வாளியோடு, மணப்பெண் மாதிரி அடக்கமாக நின்றார். கண்டாக்கையா மூன்றாவது தடவையும் கூப்பிட்டதும் அவருக்குப் பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய மனிதருக்குக் கண் தெரியவில்லையே என்று இரக்கப்பட்டிருக்க வேண்டும். கையை நீட்டி, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரிய துரையைக் காட்டினார்.

"அந்தா நிக்கிறாருங்கய்யா தொர!"

களமே சிரித்தது. கங்காணிமார் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பெண்கள் கூடையே கழன்று விழுகிற மாதிரி சிரித்தார்கள்.

களத்தின் ஓரத்தில், நான் கலியாணத்துக்குக் கட்டிய சேலையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அண்ணனுக்குப் பேர் பதிந்த முதல் நாள் அது. நடையாய் நடந்து, வாதாடி, இதை முடித்து வைத்தவள் நான்தான் என்பது பார்க்கிறவர்களுக்குத் தெரிய வேண்டாமா? நன்றாகவே தெரிந்தது. எல்லாரும் சிரித்து முடித்துவிட்டு என்னைத்தான் திரும்பிப் பார்த்தார்கள்.

ஒரு வாசகியின் கேள்வி

போன வாரம் இந்தப் பத்தியில் புள்ளமடுவத்துக் கூரை காற்றில் பறந்த கதையை எழுதியிருந்தேன். அதைப் படித்த ஒரு வாசகி, "வாரா வாரம் 'எங்க வீட்டுக்காரர், எங்க வீட்டுக்காரர்' என்று எழுதுகிறீர்களே, அவருக்குப் பேர் இல்லையா?" என்று கேட்டிருக்கிறார்.

இருக்கிறது அம்மா. நல்ல பேர்தான். அதை எழுதினால் என்ன ஆகும் என்று நீங்கள் கேட்பீர்கள். ஒன்றும் ஆகாது. அதெல்லாம் மூடப் பழக்கம் என்று நானே பல பேருக்குப் புத்தி சொல்லியிருக்கிறேன். ஆனாலும் எழுதப் போகிறேன் என்று நினைத்தாலே பேனாவில் மை காய்ந்துவிடுகிறது. அதனால் அந்தக் கேள்வியை அப்படியே விட்டுவிட்டு, அதை ஒட்டிய இந்தக் கதையைச் சொல்கிறேன்.

எங்கள் தேயிலைத் தோட்டம் றொசல்ல ஸ்டேஷனுக்கு மேலே. கோச்சி கூவினால், நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயத்துக்குக் கேட்கும். நான் அப்போது புள்ளமடுவத்தில் ஆயாம்மா. தாய்மார் கொழுந்தெடுக்கப் போனதும் கைப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற வேலை. தோட்டப் பள்ளிக்கூடத்தில் இருந்த வகுப்புகளையெல்லாம் படித்து முடித்தவள். பேப்பரை எழுத்துக் கூட்டாமல் வாசிப்பேன். இந்த இரண்டு தகுதிகளை வைத்துக்கொண்டு தோட்டத்தில் யாருக்கு எது நடந்தாலும் யோசனை சொல்லிக்கொண்டிருந்தேன். யாரும் கேட்பதில்லை. அது என்னைத் தடுக்கவும் இல்லை.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்கு விவரம் பத்தாது என்பார்கள். இப்போது அதற்கு நாகரிகமான சொற்கள் வந்திருக்கின்றன. அன்றைக்கு அவ்வளவுதான். எண்ணத் தெரியாது. புது இடம் என்றால் மிரளுவார். ஒரு வேலையைக் காட்டிக் கொடுத்தால் மணிக்கணக்கில் அதையே செய்வார், நிறுத்தச் சொன்னால்தான் நிறுத்துவார். விறகு பிளந்தால் லயம் முழுக்கத் தேவையான விறகையும் பிளந்துவிடுவார். எல்லார் வீட்டுத் தேத்தண்ணியும் அவருக்கு உண்டு. ஆனால் இருட்டுவதற்குள் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துவிட வேண்டும்.

அப்பா நெஞ்சுச்சளியில் எப்போதோ போய்விட்டார். நான் கட்டிக்கொண்டு, கீழே இருக்கிற பணிய லயத்துக்குப் போய்விட்டேன். மேட்டு லயத்து ஒற்றை அறைக் காம்பராவில் அம்மாவும் அண்ணனும்தான்.

அந்தக் காம்பராதான் எங்களுக்கெல்லாம் கவலை. தோட்டத்தில் பேர் என்றால் கூப்பிடுகிற பேர் மட்டும் இல்லை. அன்றைய கூலிக்கும் பேர் என்றுதான் சொல்வார்கள். முழு நாள் வேலைக்கு முழுப்பேர், பாதி வேலைக்கு அரைப்பேர். செக்ரோல் என்கிற வேலைப் பதிவேட்டில் பேர் இருக்கிற குடும்பத்துக்குத்தான் லயத்தில் காம்பரா. பேர் வெட்டிவிட்டால் காம்பராவைக் காலி பண்ண வேண்டியதுதான். எங்கள் காம்பரா அம்மாவின் பேரில் இருந்தது. அம்மாவுக்கு முதுகு வளைந்துவிட்டது, கொழுந்து குறைந்துகொண்டே வந்தது. என்றைக்குக் கூடையை இறக்கி வைக்கிறாரோ, அன்றைக்கு அண்ணனுக்கு இருக்க இடம் இல்லை.

தொப்பி! தொப்பி!

எங்கள் தாத்தா, அதாவது அம்மாவின் மாமனார், திருச்சிப் பக்கத்திலிருந்து நடந்தும் கப்பலேறியும் வந்தவர். பேர் துரைசாமி. மூத்த பேரனுக்குத் தாத்தா பேர் வைக்கிற வழக்கப்படி அண்ணனுக்கும் அந்தப் பேரைத்தான் வைத்தார்கள். மாமனார் பேரை மருமகள் வாயால் சொல்லக் கூடாது என்பது இன்னொரு வழக்கம். இரண்டு வழக்கமும் ஒரே காம்பராவில் குடியிருந்ததில் அண்ணன் பேர் பிறந்த அன்றே காணாமல் போய்விட்டது.

அம்மா அண்ணனை "ஐயா" என்று கூப்பிட்டார். அதைக் கேட்டு லயம் "ஐயாக்கண்ணு" என்றது. பால் மறக்காத பிள்ளைகூட "ஐயாக்கண்ணு" என்றுதான் கூப்பிடும்.

அம்மா சொல்லாமல் விட்டது முழுப் பேரை மட்டும் இல்லை. துரை என்ற சொல்லையே விட்டுவிட்டார். தேயிலைத் தோட்டத்தில் துரை என்று சொல்லாமல் ஒரு நாளைத் தள்ளுவதைக் கற்பனை செய்து பாருங்கள். அம்மா ஆயுள் பூராவும் தள்ளினார். பெரிய துரை அவருக்குத் "தொப்பிக்காரரு". துரையின் மனைவி "தொப்பிக்காரரு வீட்டம்மா". எங்கள் பூர்வீகம் துறையூர். அதுவும் காதுக்கு ஒரே மாதிரி கேட்கிறதே என்று, யாராவது ஊரைக் கேட்டால் "முசிறிக்குப் பக்கம்" என்பார்.

மலையில் கொழுந்தெடுக்கும்போது துரை வருவதை முதலில் பார்க்கிறவள் மற்றவர்களுக்குக் குரல் கொடுக்க வேண்டும். அம்மாவின் நிரை மேட்டில் என்றால் "தொப்பி! தொப்பி!" என்று சத்தம் வரும். எல்லாரும் ஊர்க்கதையை நிறுத்திவிட்டுக் கொழுந்தைக் கிள்ளுவார்கள். ஒரு நாள் துரை தொப்பி இல்லாமல் வந்துவிட்டார். அம்மா பார்த்துவிட்டார். வாயைத் திறந்தார், சொல் இல்லை. "அடியே... அடியே... மொட்டத்தலை!" என்று அவர் கத்தி முடிப்பதற்குள் துரை எல்லார் முதுகுக்குப் பின்னாலும் வந்து நின்றுவிட்டார். அன்றைக்கு நிரையில் பாதிப் பேருக்கு அரைப்பேர்தான்.

நான் போட்ட திட்டங்கள்

அண்ணனின் பிற்காலத்துக்கு முதலில் யோசனை சொன்னவர் ராகலையிலிருந்து வந்த அத்தை. கலியாணம் கட்டி வைத்தால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். நானும் தலையை ஆட்டினேன். அம்மா மட்டும், "எம் புள்ளயப் பாக்க இன்னொருத்தி புள்ளயப் புடிச்சிக் கட்டணுமாக்கும்" என்று சொல்லிவிட்டு ரொட்டியைத் திருப்பிப் போட்டார். பேச்சு அதோடு முடிந்தது.

இரண்டாவது திட்டம் முழுக்க முழுக்க என்னுடையது. யாத்திரை மலைக்கு அடிவாரமான நல்லதண்ணியில் எங்கள் மாமா ஒருவர் மலைக்குப் போகிற சீசனில் தேத்தண்ணிக் கடை போடுவார். அங்கே கிளாஸ் கழுவ அண்ணனை விட்டால் சாப்பாடும் ஆச்சு, சாமி பக்கத்திலேயே இருந்த மாதிரியும் ஆச்சு என்று ஒரு பிரசங்கமே செய்து அனுப்பி வைத்தேன். மலை ஏறுகிற சிங்கள யாத்திரிகர்கள் ஒருவருக்கொருவர் "கருணாவாய்" என்று சொல்லிக்கொண்டு போவார்கள். அண்ணனுக்கு அது ரொம்பப் பிடித்துப்போயிற்று. "கருணாவாய்" சொன்னவர்களுக்கெல்லாம் பதிலுக்குக் "கருணாவாய்" சொல்லி, கையோடு ஒரு தேத்தண்ணியும் கொடுத்து அனுப்பியிருக்கிறார். சீசன் முடிகிற வரை மாமா பொறுக்கவில்லை. முதல் பஸ்ஸிலேயே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஒம் மகன் நல்ல மனுசன், அக்கா. ஆனா கடைக்கு ஆகாது" என்றார் அம்மாவிடம். அண்ணன் திண்டாடிக் களைத்து வருவார் என்று நினைத்திருந்தேன். வந்து இறங்கியதும் என்னைப் பார்த்துக் "கருணாவாய்" என்றார்.

அதற்குப் பிறகுதான் எனக்கு அந்தப் பெரிய யோசனை வந்தது. அண்ணன் பேரையே பதிந்துவிட்டால்? தேயிலை நாற்று வளர்க்கிற தவரணையில் தண்ணி ஊற்ற ஆள் இல்லை என்று பேச்சு. ஒரே வேலையை அலுக்காமல் செய்கிறவர் அண்ணன். பேர் பதிந்துவிட்டால் அம்மாவுக்குப் பிறகும் காம்பரா அவர் பேரில் நிற்கும்.

கண்டாக்கையா யாழ்ப்பாணத்துக்காரர். கண்டிப்பானவர். அவரைப் போய்ப் பார்த்தேன். திரும்பவும் பார்த்தேன். புள்ளமடுவத்தைப் பார்வையிட வந்தபோது, பிள்ளைகளின் அழுகைக்கு நடுவிலும் பார்த்தேன். கடைசியில் அவர் துரையிடம் பேசினார். துரை சரி என்றார். முதலில் அரைப்பேர், வேலை பிடித்தால் முழுப்பேர்.

"ஆளின்ர முழுப் பேரைச் சொல்லும்" என்றார் கண்டாக்கையா.

"துரைசாமிங்கய்யா" என்றேன். எழுத்துப் பிழை வந்துவிடக் கூடாது என்று இரண்டு தரம் சொன்னேன். கண்ணுச்சாமி என்று சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பார். எனக்குத்தான் முறைப்படி செய்ய வேண்டும் என்ற வியாதி ஆயிற்றே. அண்ணனுக்கு அரைப்பேர் வாங்கிக் கொடுத்த எனக்கு, அந்தப் பேரில் அரைவாசிகூடத் தம்முடையது என்று அவருக்குத் தெரியாது என்பது பெரட்டுக் களத்தில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது.

கருப்பட்டி வைத்தியம்

அன்றைக்குப் பெரிய துரை சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை. அவருடைய துரைத் தமிழில், "பேர் சொன்னா ஆள் வரணும். ஆள் வரலே, பேர் இல்லே" என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தார். கண்டாக்கையா எனக்காகக் கொஞ்சம் இடம் கொடுத்தார். "கொண்டு போய்ப் பழக்கும். பதில் சொன்னால்தான் பேர் போடுவன்."

பழக்குவதா? பிள்ளைகளைப் பழக்குவதுதானே என் தொழில். சாயங்காலமே கருப்பட்டியோடு மேட்டு லயத்துக்கு ஏறினேன்.

"அண்ணே, துரைசாமி யாரு?"

"தாத்தா."

"தாத்தா இல்லண்ணே. நீதான்."

"நான் ஐயாக்கண்ணு. தாத்தா செத்துப் போயிட்டாரு."

அவர் சொன்னதில் தப்பு இல்லை. தீபாவளிக்கு முதல் நாள் செத்தவர்களுக்குப் படைக்கும்போது சித்தப்பா வாய்விட்டுச் சொல்கிற பேர் அது. அண்ணன் தம் காதால் அந்தப் பேரைக் கேட்டதெல்லாம் அப்போதுதான். அது செத்தவர்கள் பேர் என்று அவர் முடிவு செய்திருந்தார்.

நான் விடவில்லை. துரைசாமி என்று நான் கூப்பிட, இருக்கேன் என்று அவர் சொன்னால் ஒரு துண்டு கருப்பட்டி. கொஞ்ச நேரத்தில் பிடித்துக்கொண்டார். கூப்பிட்டால் போதும், "இருக்கேன்" என்று கத்துவார். அம்மா அடுப்படியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்கு ஒரே பெருமை. இவ்வளவு சுலபமான காரியத்தை இத்தனை காலமாக ஒருத்தரும் செய்யவில்லையே என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு இறங்கினேன்.

மறுநாள் காலையில் கண்டாக்கையா "துரைசாமி!" என்றார். அண்ணன் வரிசையை விட்டு வெளியே வந்தார். நேரே அவர் முன்னால் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றார். கருப்பட்டி வரவில்லை என்றதும் அவருடைய கோட்டுப் பையைத் தொட்டுப் பார்த்தார்.

சிரிப்பைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை.

ஐயாவை ஐயா என்பதா?

சரி, மனிதரை மாற்ற முடியவில்லை என்றால் பேரை மாற்றுவோம் என்று கண்டாக்கையாவிடம் மறுபடியும் ஓடினேன்.

"ஐயா, கோவிச்சுக்காதீங்க. 'ஐயாக்கண்ணு'ன்னு கூப்பிட்டுப் பாருங்க. ஒரு தரத்துலயே பதில் சொல்லிப்புடும்."

கண்டாக்கையா கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"இஞ்ச பாரும் ஆயாம்மா. இந்தத் தோட்டத்தில எல்லாரும் ஆரை ஐயா எண்டு கூப்பிடுகினம்?"

"உங்களைத்தாங்கய்யா."

"அப்ப நான் பெரட்டில நிண்டுகொண்டு ஒரு அரைப்பேர்க்காரனை ஐயா, ஐயா எண்டு கூப்பிடுறதோ?"

கண்டாக்கையா குரலைத் தாழ்த்திக்கொண்டு மேலும் சொன்னார். மேட்டு லயத்தில் காம்பரா கேட்டு ஒரு குடும்பம் காத்திருக்கிறது. இவர் நாளைக்கும் பதில் சொல்லாவிட்டால் பேரை வெட்டுவதைத் தவிர வேறு வழி இல்லை. வெட்டிய பேரைத் திரும்பப் பதியத் துரையிடம் போய் நிற்க அவரால் முடியாது.

அன்றைக்குச் சாயங்காலம் அம்மாவிடம் போய்ச் சண்டை பிடித்தேன்.

அந்தப் பேரைச் சொல்லி வேறு யார் கூப்பிட்டாலும் அண்ணன் திரும்ப மாட்டார், ஆனால் அம்மா எதைச் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்புவார். கொதிக்கிற வெயிலிலும் கொட்டுகிற மழையிலும், மலைக்கு அந்தப் பக்கம் நின்றாலும், அம்மா குரல் கேட்டால் வந்துவிடுவார். அந்தப் பேரை அம்மா ஒரே ஒரு தரம் தம் வாயால் கூப்பிட்டுக் காட்டினால் போதும் என்று எனக்குப் பட்டது.

"முடியாது" என்றார் அம்மா.

"ஏன் முடியாது? தாத்தா தேயிலைக்கு அடியில போயி எம்புட்டுக் காலமாச்சு. அவரா வந்து ஒன்னய வையப் போறாரு? பேரச் சொன்னா நாக்கு வெந்துருமா? காலம் எங்கயோ போயிக்கிட்டு இருக்கும்மா. இன்னமும் மாமனாரு பேரச் சொல்ல மாட்டேன், மச்சான் பேரச் சொல்ல மாட்டேன்னுட்டு..."

நான் மூச்சு வாங்க நிறுத்தியபோது அம்மா நிமிர்ந்து பார்த்தார்.

"ஒம் புருசன் பேரு என்னாடி?"

எனக்கு இருமல் வந்தது. அடுப்புப் புகை என்று நினைக்கிறேன்.

"சொல்லேன். பேப்பரெல்லாம் படிக்கிறியே. சொல்லு பாப்போம்."

நான் அண்ணன் பக்கம் திரும்பி, கருப்பட்டி மிச்சம் இருக்கிறதா என்று விசாரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. மாவைப் பிசைந்துகொண்டே, எனக்குச் சொல்கிற மாதிரியும் இல்லாமல், தனக்குச் சொல்கிற மாதிரியும் இல்லாமல் பேசினார்.

"ஐயான்னு கூப்பிட நான் இருக்கேன். லயத்துல நாலு சனம் ஐயாக்கண்ணுன்னு கூப்பிடும். அந்தப் பேருக்குக் காம்பரா குடுக்க மாட்டாங்களாமே."

சொல்லிவிட்டு, அண்ணனுக்கு ரொட்டியைப் பிய்த்துச் சம்பல் தொட்டுக் கொடுத்தார். சம்பல் உறைப்பாக இருந்திருக்க வேண்டும். அண்ணன் நாக்கை நீட்டிக் காற்று வாங்கிக்கொண்டே சாப்பிட்டார்.

அம்மா கூடையை இறக்கியது

மறுநாள் நான் கலியாணச் சேலை கட்டவில்லை. புள்ளமடுவத்துச் சுவரோடு ஒட்டிக்கொண்டு பார்த்தேன். மழை தூறியது. நனைந்த சாக்கு வாசனையும் தேயிலை அரைக்கிற ஸ்டோரிலிருந்து வந்த வதங்கின கொழுந்து வாசனையும் சேர்ந்து களத்தை நிறைத்திருந்தன. பெரிய துரையும் வந்திருந்தார்.

"துரைசாமி!"

அண்ணன் வாளியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கண்டாக்கையா பென்சிலைக் காதிலிருந்து எடுத்தார். அதை நான் பார்த்தேன். பெண்கள் வரிசையில் நின்ற அம்மாவும் பார்த்திருக்க வேண்டும். அம்மா கூடையை முதுகிலிருந்து இறக்கிக் கீழே வைத்தார். தாத்தாவைப் புதைத்திருக்கிற மலைப்பக்கம் திரும்பினார். கன்னத்தில் போட்டுக்கொண்டார். "மாமா, மன்னிச்சிக்கிருங்க" என்று அவர் சொன்னது பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் கேட்டதாம். அடுத்துச் சொன்னது மலைக்கே கேட்டது.

"தொரசாமி! ஏய்யா தொரசாமி! ஒன்னத்தான்யா கூப்பிடுறாங்க!"

பெரிய துரைதான் முதலில் திரும்பினார். ஒரு கிழவி தம்மை இப்படி அதட்டுகிறாளே என்று அவர் முகம் போன போக்கை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு ஒருத்தரும் சிரிக்கவில்லை. அந்தச் சொல்லை அம்மா வாயிலிருந்து அந்தத் தோட்டம் கேட்டதே இல்லை. தொப்பி தொப்பி என்று கத்துகிற கிழவி என்றுதான் எல்லாருக்கும் அவரைத் தெரியும்.

அண்ணன் அம்மாவையே பார்த்தார். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. பிறகு முகமெல்லாம் பல்லாகச் சிரித்துக்கொண்டு, வாளியை உயரத் தூக்கி, "இருக்கேம்மா!" என்றார்.

கண்டாக்கையா புத்தகத்தில் எழுதினார். அம்மா கூடையை எடுக்கக் குனிந்தவர் சட்டென்று நிமிரவில்லை. பக்கத்தில் நின்றவர்கள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

அதிலிருந்து அம்மா தினமும் வீட்டில் அந்தப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். ஒவ்வொரு தரமும் கன்னத்தில் போட்டுக்கொண்டுதான் கூப்பிடுவார். சில வாரங்களில் அண்ணன் கண்டாக்கையா குரலுக்கும் பதில் சொல்லப் பழகிவிட்டார். ஆனால் அந்தப் பேருக்குப் பதில் "இருக்கேம்மா"தான் என்று அவர் மனசில் பதிந்துவிட்டது. எத்தனை சொல்லியும் மாறவில்லை. மீசை வைத்த கண்டாக்கையாவைப் பார்த்து அவர் "இருக்கேம்மா" என்று சொல்வதும், களம் சிரிப்பதும், கண்டாக்கையா காது கேட்காதது போல அடுத்த பேருக்குப் போவதும் அன்றாட வழக்கமாகிவிட்டன. தவரணையில் நாற்று நன்றாக வந்தது. அரைப்பேர் முழுப்பேரானது.

மூட்டை

அதற்குப் பிறகு சில தீபாவளிகள் போயிருக்கும். அம்மா வேலையை விட்டார். காம்பரா அண்ணன் பேரில் நின்றது. ஒரு மாசி மாதப் பனியில் அம்மாவும் போய்ச் சேர்ந்தார்.

கருமாதி முடிந்ததும் என் மூளை மறுபடியும் வேலை செய்யத் தொடங்கிவிட்டது. அம்மா இல்லாத அண்ணன் எப்படி எழுந்திருப்பார், யார் ரொட்டி சுட்டுக் கொடுப்பார்கள், யார் குரலுக்குத் திரும்புவார்? வேலைக்குப் போவதெல்லாம் இனி நடக்காது. காம்பரா போனால் போகட்டும், எங்களோடு கொண்டுபோய் வைத்துக்கொள்வோம் என்று முடிவு செய்தேன். பணிய லயத்தில் எங்கள் ஒரே காம்பராவைச் சாக்குத் தட்டி கட்டி மறைத்து, ஒரு பாதியில் வீட்டுக்காரரின் தம்பி குடும்பம், மறு பாதியில் நாங்களும் பிள்ளைகளும். எங்கள் பாதியில் ஒரு மூலையை ஒதுக்கச் சொல்லி வீட்டுக்காரரிடம் உத்தரவு போட்டுவிட்டு விடியற்காலையில் மேட்டு லயத்துக்கு ஏறினேன். அண்ணன் அங்கே இல்லை. தண்ணீர் பிடிக்கிற பீலிக்கரைக்குப் போயிருப்பார் என்று நினைத்து, அவருடைய துணிகளையெல்லாம் ஒரு மூட்டையாகக் கட்டினேன். எதிர்ப்படுகிறவர்களிடம் சொல்ல, 'கூடப் பிறந்தவ நான் இருக்கையில' என்று தொடங்கும் சில நல்ல வசனங்களையும் தயார் செய்துகொண்டேன்.

மூட்டையோடு இறங்கி வந்தபோது பெரட்டு முடிந்து ஆட்கள் மலைக்குப் பிரிந்து போய்க்கொண்டிருந்தார்கள். களத்தில் இரண்டு பேர்தான் மிச்சம். ஒருவர் கண்டாக்கையா. இன்னொருவர் வாளியோடு தம் வழக்கமான இடத்தில் நின்ற அண்ணன்.

"என்ன, நீ இன்னும் போகேல்லையோ?" என்றார் கண்டாக்கையா.

"என்னயக் கூப்பிடலீங்களேய்யா."

துக்க வீட்டுக்காரர் வரமாட்டார் என்று நினைத்துத்தான் அவர் அந்தப் பேரை விட்டுவிட்டு வாசித்திருக்க வேண்டும். "சரி சரி, ஆள் நிக்கிறாய்தானே. பேர் போடுறன், நீ போ" என்றார்.

அண்ணன் அசையவில்லை.

"கூப்பிடுங்கய்யா."

கண்டாக்கையா மூடிய புத்தகத்தைத் திரும்பத் திறந்தார். களம் நிறைய ஆட்கள் நிற்பது போலக் குரலை உயர்த்தினார்.

"துரைசாமி!"

"இருக்கேம்மா."

சிரிக்க அங்கே யாரும் இல்லை. கண்டாக்கையா புத்தகத்தை விட்டுக் கண்ணை எடுக்காமல் தலையை மட்டும் ஆட்டினார். அண்ணன் வாளியை எடுத்துக்கொண்டு தவரணைப் பாதையில் வந்தார். வழியில் நான் நின்றேன். என் இடுப்பில் இருந்த மூட்டையைப் பார்த்தார்.

"ஏ பாக்கியம், என் துணிய எங்கிட்டுத் தூக்கிட்டுப் போற? தொவைக்கவா?"

தயார் செய்த வசனத்தில் ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"ஆமாண்ணே" என்றேன். "தொவைக்கத்தான்."

அவர் போய்விட்டார். நான் பீலிக்கரைக்குப் போய் மூட்டையை அவிழ்த்தேன். எல்லாம் முந்தின நாள்தான் நானே துவைத்துக் காயப்போட்ட துணிகள். திரும்பவும் ஒவ்வொன்றாக நனைத்துத் துவைத்தேன். தண்ணீர் விழுகிற இரைச்சலில் யாருக்கும் கேட்காது என்ற தைரியத்தில் வாய்விட்டு அழுதேன். பேப்பர் படிக்கிற நான் போட்ட திட்டங்களில் ஒன்றுகூட உருப்படவில்லை. எழுதப் படிக்கத் தெரியாத அம்மா போட்டது ஒரே ஒரு கூப்பாடு, அது இன்றைக்கும் கண்டாக்கையா புத்தகத்தைத் திறக்க வைத்துவிட்டது.

துணிகளை மேட்டு லயத்துக் கொடியிலேயே காயப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரர் அந்த மூலையிலிருந்த பானைகளை நகர்த்தி, ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு இடம் பண்ணி, வியர்த்துப்போய் உட்கார்ந்திருந்தார்.

"அதோட நிறுத்தாதீங்க, மிச்சச் சாமானையும் எடுத்துக் கட்டுங்க" என்றேன். "அண்ணன் காம்பராவுல நமக்கு இடம் இருக்கான்னு சாயங்காலம் போயிக் கேப்போம்."